பாலில் இல்லாதது

போன வாரம் திருவொற்றியூர் பக்கம் ரயில்வே கேட் மூடிக்கிடந்ததால் பஸ் வழியில் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு நேரே ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் வாசல். ஆட்கள் கையில் அலுமினிய டம்ளரோடு வரிசையில் நிற்க, ஒருவர் அண்டாவிலிருந்து பாலை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பெயிண்ட் நெடியும் காய்ச்சிய பாலின் வாசனையும் சேர்ந்து உள்ளே வந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் குமட்டிக்கொண்டு மூக்கைப் பொத்தினாள். எனக்குக் குமட்டவில்லை. முகம்தான் காது மடல் வரைக்கும் சூடாகிவிட்டது. அந்த பஸ்ஸில் என்னைத் தெரிந்தவர்கள் ஒருவர்கூட இல்லை. இருந்தும் யாரோ என்னைப் பார்த்துச் சிரித்துவிடப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

நீ போய் எத்தனையோ வருடமாகிவிட்டது, பாலைக் கண்டால் எனக்கு இன்னும் இப்படித்தான். வீட்டில் பால் பொங்கினால் மற்றவர்கள் அடுப்பை அணைக்க ஓடுவார்கள். நான் வாசல் பக்கம் போய்விடுவேன். கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள், குடும்பம் நடத்துகிறவள், பாலைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? நீ நம்புவாய். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

பால் நஞ்சை முறிக்கும் என்பது நம் வட்டாரத்தில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்ப்பவருக்குப் பால், சாயம் கிண்டுகிறவருக்குப் பால். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த நம் மலேரியா ஆய்வுக்கூடத்திலும், சாயத்திலும் ஆசிட்டிலும் கைவைக்கிறவர்கள் என்று எல்லோருக்கும் தினம் காலையில் ஒரு பெரிய டம்ளர் பால் வரும். நஞ்சு முறிந்ததோ இல்லையோ, எனக்கு அதுதான் காலைச் சாப்பாடு. உனக்கோ பாலைக் கண்டாலே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, "இத்த குட்ச்சி உயிரோட இருக்கறதுக்கு ஆசிட்டே தேவலடி" என்பாய்.

நீ ராயபுரத்தில் பிறந்து, கல்மண்டபத்துப் பக்கம் வளர்ந்து, விலங்கியல் படித்துவிட்டு வந்தவள். அந்த ஆய்வுக்கூடத்தில் முதல் பெண் நீ, இரண்டாவது நான். நான் மட்டும் என்ன, தண்டையார்பேட்டைதான். ஆனால் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா, தெருப்பேச்சு நாக்கில் ஒட்டக்கூடாது என்று அடித்து வளர்த்ததில், நான் பாடப்புத்தகம் போலப் பேசிக்கொண்டு திரிந்தேன். முதல் நாள் நீ நம் இயக்குநரிடம், நாமெல்லாம் பெரிய டாக்டர் என்று கூப்பிட்டு நடுங்கிய மனிதரிடம், "இன்னா சார், குரங்குக் கூண்டுல கதவே சரியா மூட மாட்டேங்குது" என்றாய். அவர் ஒன்றும் நினைக்கவில்லை, தச்சரை வரச்சொன்னார். நான்தான் அந்தப் பேச்சைக் கேட்டுக் கூசிப்போனேன். எதற்கெடுத்தாலும் வெட்கப்படுகிற ஜென்மம் நான். என்னுடைய தப்புக்கு வெட்கப்பட்டது போதாதென்று மற்றவர்களுக்காகவும் சேர்த்து வெட்கப்படுவேன்.

வேலையை நாம் பிரித்துக்கொண்டோம். விலங்குகள் உன் பக்கம், குடுவைகள் என் பக்கம். குரங்குகளுக்கு வரும் ஒருவகை மலேரியாவை அவற்றுக்கு ஏற்றி, தினமும் காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாய். அதைக் கண்ணாடிச் சில்லில் தீற்றி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கிருமி எவ்வளவு பெருகியிருக்கிறது என்று பார்ப்பாய். எனக்கு வேண்டியதை ஊசியில் தனியாக எடுத்துத் தருவாய். அதைக் குடுவையில் ஊற்றி, உடம்புச் சூட்டில் இருக்கிற தண்ணீரில் வைத்து, அதில் இருக்கிற சர்க்கரை எவ்வளவு வேகமாகத் தீர்கிறது என்று அளப்பேன். கிருமி என்ன தின்கிறது, தின்றதை என்ன செய்கிறது, எதைக் கொடுத்தால் அதனால் தின்ன முடியாமல் போகும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

நல்ல ரத்தத்தில் சர்க்கரை மெதுவாகத்தான் குறையும். நோய்ப்பட்ட ரத்தத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலியாகிவிடும். அதை முதல் முதலில் உனக்குக் காட்டியபோது குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இன்னாடி இது, கண்ணாலத்துக்கு வந்தவன் கணக்கா துண்ணுது" என்றாய். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இன்றைக்கும் வகுப்பில் மலேரியாக் கிருமியின் வளர்சிதை மாற்றம் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்த வரிதான் வாய்வரை வரும். சொல்லாமல் முழுங்கிவிட்டு, பாடப்புத்தகத்தில் இருப்பதைச் சொல்வேன்.

பிறகு அந்தப் பச்சைப் பொடி வந்தது. ஒரு சாயத்திலிருந்து நானே செய்தது. அதை ஒரு சிட்டிகை குடுவையில் போட்டால் போதும், கிருமி தின்பதை நிறுத்திவிடும், சர்க்கரை அப்படியே நிற்கும். எனக்குக் கால் தரையில் படவில்லை. குடுவையில் நடப்பது குரங்கிலும் நடந்தால், அப்புறம் மனிதருக்கு எவ்வளவு தூரம்? ஆனால் பொடி கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. குரங்குகள் வாயில் வைத்ததுமே துப்பின. ஒன்று என் புடவையிலேயே துப்பியது. வழி கண்டுபிடித்தவள் நீதான்.

அப்போது உங்களுக்குத் தபசு காலம். ஈஸ்டருக்கு முந்தின அந்த விரத நாட்களில் மாமிசத்தை விடுவதோடு, ஆளுக்கு ஒன்றைத் தானாகவும் விட்டுவிடுவது உங்கள் கோயில்காரர்களின் வழக்கம். நீ அந்த வருடம் பாலை விட்டாய். பிடிக்காததை விடுவதற்குப் பெயர் விரதமா என்று நான் கேலி செய்தேன். "அது சாமிக்குத் தெரியும், நீ சொம்மா இரு" என்றாய். உன்னைப் பார்த்து, ஆய்வுக்கூடத்தில் இருந்த ராயபுரத்துக்காரர்கள் எல்லோருமே அந்த வருடம் பாலை விட்டார்கள். தினமும் காலையில் ஒரு குண்டான் பால் குடிக்க ஆளில்லாமல் மிஞ்சியது. அந்தப் பாலில் நீ பொடியைக் கலந்தாய். வயிறு நிரம்பியிருந்தால் கசப்புப் பாலை எந்தக் குரங்கு குடிக்கும் என்று, மருந்து தரவேண்டிய குரங்குகளுக்கு வேர்க்கடலை, வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாய். பசியில் அவை அந்தப் பச்சைப் பாலைக் கடைசிச் சொட்டு வரை நக்கிக் குடித்தன. எதிர்வரிசைக் கூண்டுகளில் இருந்தவற்றுக்கு மருந்து கிடையாது. வழக்கம்போலக் கடலையும் பழமும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை. தினமும் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்குப் பால் என்பது டம்ளரைப் போல, மருந்தை உள்ளே அனுப்ப ஒரு பாத்திரம். பாத்திரத்தை யார் கவனிப்பார்கள்?

எதிர்வரிசைக் குரங்குகளின் ரத்தத்தில் கிருமி மொய்த்தது. மருந்து குடித்தவற்றின் ரத்தத்தில் தேடித்தேடிப் பார்த்தாலும் ஒன்றிரண்டுக்குமேல் அகப்படவில்லை. நீ ஒரு சில்லைப் பார்த்துவிட்டு எழுந்து எனக்கு இடம்விட்டாய். நான் பார்த்துவிட்டு உன்னைக் கட்டிக்கொண்டேன். நீ ஏனோ யோசனையாகவே இருந்தாய். "சோக்காத்தான் கீது. ரொம்ப சோக்கா கீதேன்னுதான் பாக்கறேன்" என்றாய். உனக்கு எதிலும் ஒரு குறை சொல்லாமல் முடியாது என்று கோபித்துக்கொண்டேன்.

அந்த மாதக் கூட்டத்திலேயே முடிவுகளைப் படித்துவிட்டேன். பெரிய டாக்டர் எழுந்து நின்று பாராட்டினார். அத்திப்பட்டு உப்பளத்தில் குளிர்காய்ச்சல் அதிகம், அங்கே பேசி ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன் என்றார். என் அப்பா தெரு முழுவதும் சொல்லிவிட்டார். காய்கறிக்காரி உள்பட எல்லோரும் என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். நான் மறுக்கவில்லை, எனக்கு அது இனித்தது.

ஈஸ்டர் முடிந்தது. அதே சோதனையை இன்னும் கொஞ்சம் குரங்குகளை வைத்துத் திரும்பச் செய்தோம். இப்போது ராயபுரத்துக்காரர்கள் அவரவர் பாலை அவரவர் குடித்தார்கள், குண்டானில் மிச்சமில்லை. நீ பொடியை வெல்லத்தோடு பிசைந்து வாழைப்பழத்துக்குள் ஒளித்துக் கொடுத்தாய், குரங்குகளும் தின்றன. ஆனால் இந்த முறை மருந்து தின்ற குரங்கு, தின்னாத குரங்கு என்ற வித்தியாசமே இல்லை. எல்லாவற்றின் ரத்தத்திலும் கிருமி மொய்த்தது. பொடி கெட்டுவிட்டது என்றேன். புதிதாகச் செய்து கொடுத்தேன், அதற்கும் அதே கதி. வெயில் என்றேன், குரங்குகள் சரியில்லை என்றேன். கடைசியில் நீ ஒழுங்காகக் கொடுத்தாயா என்று உன்னிடமே கேட்டுவிட்டேன்.

உனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கூண்டில் சாய்ந்துகொண்டாய். "மருந்து இல்லடி. பாலு" என்றாய்.

நீ சொன்ன அந்த நொடியே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு பக்கத்துக்குச் சாப்பாட்டை நிறுத்திப் பாலும் மருந்தும் கொடுத்தோம். மறுபக்கத்துக்கு மருந்தையும் கொடுக்கவில்லை, பாலையும் கொடுக்கவில்லை. சோதிக்கிற பொருளைத் தவிர இரண்டு பக்கமும் மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பரிசோதனை செய்யப் பழகுகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லும் பாடம். புதிதாக வந்தவர்களுக்கு அந்தப் பாடத்தை நடத்துகிறவளே நான்தான். எதற்கும் இன்னொரு முறை செய்து பார்த்துவிட்டு வெளியே சொல்லலாமே என்று இழுத்தேன்.

"அத்திப்பட்டுல குளிர்ல ஒதறிக்கினு கீறவன், இத்த நம்பி கொய்னாவ வுட்டுட்டான்னா? நாளைக்கே சொல்லிடு" என்றாய். கொய்னா மாத்திரைதான் அன்று அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதற்குமேல் என்னால் இழுக்க முடியவில்லை. பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன், உப்பளத்து ஏற்பாட்டை அன்றே நிறுத்தினார். அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடும்படியும் சொன்னார்.

சொன்னேன். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. மருந்து வேலை செய்யவில்லை, பாலோடு கொடுத்தபோது மட்டும் கிருமி பெருகவில்லை, அதைக் கவனிக்காதது என் பிழை என்று எழுதிவைத்ததை அப்படியே படித்தேன். அது வரைக்கும் எனக்கு வருத்தம்தான், வெட்கம் இல்லை. அதற்குப் பிறகு, வெளியிலிருந்து வந்திருந்த ஒரு மூத்த மருத்துவர் நாற்காலியில் சாய்ந்தபடியே, "அப்ப இனிமே மலேரியா வந்தா டாக்டரைக் கூப்பிட வேண்டாம், பால்காரனைக் கூப்பிட்டா போதும்னு சொல்றீங்க" என்று இங்கிலீஷில் சொன்னார். கூடம் முழுவதும் சிரித்தது. பெரிய டாக்டர்கூடச் சிரித்தார். போன கூட்டத்தில் எனக்குக் கைதட்டிய அதே முகங்கள். நான் கூனிக்குறுகி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்போது நீ எழுந்தாய்.

"கூப்டலாம் சார்" என்றாய். "மருந்து வேலை செய்யல, சரி. பாலு குட்ச்ச குரங்குக்கு மட்டும் ஏன் காய்ச்சல் வர்ல? அத்த யாருமே கேக்கலையே."

இங்கிலீஷ் மட்டுமே கேட்டுப் பழகிய அந்தக் கூடத்தில், கல்மண்டபத்துப் பேச்சில், கையைக் கட்டிக்கொள்ளாமல் நின்று கேட்டாய். முன்னைவிடப் பெரிய சிரிப்பு கிளம்பியது. நீ அதைப் பொருட்படுத்தவே இல்லை, பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இவள் உட்கார்ந்தால் போதும், சிரிப்பு நின்றால் போதும் என்று உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். இழுத்தது யார் என்று குனிந்து பார்த்தாய். நான்தான் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டாய். அந்தக் கூட்டத்தில் அத்தனை பேரும் சிரித்து உன்னை உட்கார வைக்க முடியவில்லை. நான் வைத்தேன்.

அதன்பிறகு நம் இருவருக்கும் பால்காரம்மா என்று பெயர் வந்துவிட்டது. வாசலில் நுழையும்போதே யாராவது கூப்பிடுவார்கள். நீ சளைக்காமல், "எத்தினி படி வோணும் நைனா, அளந்து வுட்றேன்" என்பாய். கேலி செய்தவர்கள் உன் பக்கம் வந்துவிடுவார்கள். நான் சாலையின் எதிர்ப்பக்கம் நடந்து, பின்வாசல் வழியாக வரப் பழகிக்கொண்டேன். காலையில் வரும் பாலையும் வேண்டாம் என்றுவிட்டேன்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நீ என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாய். நான் நிமிராமல் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். மருந்தை விட்டுவிட்டு வெறும் பாலை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்றாய். நான் அடுத்த குடுவையை எடுத்தேன்.

"பால்ல இன்னா கீதுன்னு ஊரே பாக்கும். நீ இன்னா இல்லன்னு பாருடி. அந்தக் கிருமிக்கு வோண்டிய ஏதோ ஒண்ணு அதுல இல்ல" என்றாய். கடலை தின்கிற குரங்குக்கு அது கடலையில் கிடைக்கிறதா, இல்லை வயிற்றுக்குள் இருக்கிற மற்ற நுண்ணுயிர்கள் அதைச் செய்து கொடுக்கின்றனவா, பால் மட்டும் குடித்தால் அவையும் மாறிப்போகின்றனவா என்று நீ பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனாய். அந்தக் கிருமி எதைத் தின்று வாழ்கிறது என்பதையே பிழைப்பாக வைத்திருந்தவள் நான். துள்ளி எழுந்திருக்க வேண்டும். மாறாக, இனிமேல் என் முன்னால் பால் என்ற பேச்சையே எடுக்காதே, உனக்கு வெட்கமே இல்லையா என்று கேட்டேன்.

நீ கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாய். "தப்பு பண்ணதுக்கு வெக்கப்படலாம். பாத்ததுக்கு இன்னாடி வெக்கம்?" அதோடு எழுந்து போய்விட்டாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய், பாலைப் பற்றி என்னிடம் அப்புறம் பேசவே இல்லை. மற்றதெல்லாம் பேசினோம். கோயில் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப் போனாய், உன் அம்மா வைத்த மீன் குழம்பைத் தூக்கில் கொண்டுவந்தாய். நம் சிநேகிதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தபசு காலம் வந்தது. குரங்குக் கூண்டுகள் இருந்த கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டே, பழைய சாமான் போடுகிற அறை, ஒருநாள் அதன் பக்கமாகப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளிருந்து பால் வாசனை வந்தது. குரங்கு ஒன்று குரல் கொடுத்தது, நீ அதனிடம் ஏதோ செல்லம் கொஞ்சிக்கொண்டிருந்தாய். என்ன செய்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மருந்தில்லாமல் வெறும் பால். தள்ளினால் திறந்துவிடும் கதவு அது. கையை வைத்தேன், எடுத்தேன், வந்த வழியே திரும்பிவிட்டேன். அதற்குப் பின் சில நாட்கள் நீ சாப்பாட்டு நேரத்தில் என் முகத்தை முகத்தைப் பார்த்தாய். நான் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

அந்த வருடமே எனக்குக் கல்யாணமாயிற்று. கல்லூரியில் வேலை கிடைத்ததும் ஆய்வுக்கூடத்தை விட்டேன். விட்டது வேலைக்காக இல்லை, அந்த வாசலில் இனி நுழைய வேண்டாமே என்றுதான். உனக்குக்கூட இதைச் சொல்லவில்லை, சொல்லாமலே நீ தெரிந்துகொண்டிருப்பாய்.

மஞ்சள் காமாலை என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பார்க்க வந்தேன். கண்ணெல்லாம் மஞ்சள், ஆனால் வாய் மட்டும் பழைய வாய்தான். பக்கத்துக் கட்டில் கிழவியின் குறட்டையைச் செய்து காட்டினாய். பிறகு, "பாலே தொடக்கூடாதுன்னுட்டார்டி டாக்டரு" என்று சொல்லிவிட்டு, சிரித்தபடி என் முகத்தைப் பார்த்தாய். பழைய பேச்சை எடுக்க அதைவிட நல்ல வழி நீ எப்படிக் கொடுத்திருக்க முடியும்? நான் தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் எழுந்துவிட்டேன். மறுபடி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

நீ போன சில மாதத்தில் நூலகத்துக்கு வந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். பாலை மட்டும் கொடுத்து வளர்த்த எலிகளின் உடம்பில் மலேரியாக் கிருமி பெருகவில்லை என்று போட்டிருந்தார்கள். அப்புறம் அதைத் தொடர்ந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குரங்குகளிலும் அப்படியே என்றார்கள். கிருமி தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான ஒரு சின்னப் பொருள் பாலில் போதுமான அளவு இல்லை, அதைத் துளியளவு சேர்த்துக் கொடுத்தால் காய்ச்சல் திரும்பிவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். பத்திரிகையை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, நூலகத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பெருமையாக இருந்தது, உன்மேல் கோபமாகக்கூட இருந்தது. எல்லாவற்றையும்விட, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போது வருடாவருடம் இதைப் பாடமாக நடத்துகிறேன். வெளிநாட்டில் கண்டுபிடித்தார்கள் என்று சொல்கிறேன். இந்த வருடம் ஒரு மாணவி எழுந்து, நம் ஊரிலும் மலேரியா ஆராய்ச்சி நடந்ததே, இங்கே ஒருவர் கண்ணிலும் இது படவில்லையா என்று கேட்டாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பத்திரிகை வந்ததுமே உன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். உங்கள் பெண் சொன்னதுதான் சரி என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். எந்த முகத்தோடு போவேன் என்று தள்ளிப்போட்டதில், உன் அம்மாவும் போய்ச்சேர்ந்தார்கள்.

பஸ்ஸில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அன்று, இது போதும் என்று தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரமாகப் பார்த்துக் கல்மண்டபம் போனேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற உன் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. உட்காரச் சொல்லி டீ வாங்கிவரச் சொன்னார். எலியையும் பாலையும் பற்றி எனக்குத் தெரிந்த மாதிரி எளிமையாகச் சொல்லி, உங்கள் தங்கை இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே பார்த்துவிட்டாள் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். வெறும் பால் குடித்த குரங்குகளின் ரத்தச் சில்லுகளுக்கு ஆய்வுக்கூடத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம், நீ வீட்டுக்கே கொண்டுவந்து வைத்திருந்தாயாம். நான் திறந்தேன். துணி விரித்து அடுக்கிய கண்ணாடிச் சில்லுகள், ஒன்றில்கூடச் சாயம் இல்லை, ரத்தம் இல்லை. தண்ணீர்போலத் தெளிவாக இருந்தன.

"அம்மா கயுவிட்சிம்மா" என்றார். "தங்கச்சி போனதுக்கப்பால, கண்ணாடியெல்லாம் கறையா கீதேன்னு சாம்பல் போட்டு தேச்சி வெச்சிட்சி. ஆபீஸ்ல வந்து கேட்டா கலீஜா குடுக்கக் கூடாதுன்னு."

நான் பெட்டியை மூடினேன். ஆபீஸிலிருந்து யாரும் வந்து கேட்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். இதை ஏன் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தாள் என்று கேட்டேன். அவர் டீயைக் கீழே வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுத்தான் சொன்னார்.

"நான்கூட சொன்னேம்மா, உன் தோஸ்து பட்ச்ச பொண்ணாச்சே, அதாண்ட போய் காட்டேன்னு. 'வோணாண்ணா, அது ரொம்ப வெக்கப்பட்டுக்கினு கீது. நானா காட்னா இன்னும் நொந்துடும். அதுவா வந்து கேக்கட்டும், காட்றேன்'னுட்டா. ஆஸ்பத்திரிலகூட, நீ வந்துட்டுப் போனதும் கேட்டேன், கேட்டுச்சான்னு. 'இன்னும் இல்ல'ன்னா."

பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்ததெல்லாம் எப்படி என்று தெரியவில்லை. ஊர் என்னைப் பார்த்துச் சிரித்ததையே இத்தனை நாளும் பெரிய அவமானமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சிரித்தவர்களில் பாதிப்பேர் முகம்கூட இப்போது நினைவில்லை. என் மனம் நோகக்கூடாது என்று, கையில் இருந்ததை மடியில் வைத்துக்கொண்டு நீ காத்திருந்தாய். அதுதான் இனிமேல் என்னோடு இருக்கும். நாளைக்கு வகுப்பில் அந்த மாணவிக்குப் பதில் சொல்லிவிடுவேன், அது பெரிய காரியமில்லை. உனக்குச் சேரவேண்டியது வேறு.

அந்தச் சின்ன அறையில், கதவுக்கு அந்தப் பக்கம், நீ என்னடி பார்த்தாய்? எனக்கும் காட்டு. நானே வந்து கேட்கிறேன்.